யாருக்கும் புரியாத தமிழ்

கிரிஜாவின் குடும்பம் மல்காஜ்கிரிக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் இந்தி. இதில் தமிழுக்கு வெளியிலும் ஒரு வேலை உண்டு. துணிக்கடையில் நின்றுகொண்டு கடைக்காரர் முகத்துக்கு நேரே அவரைத் திருடன் என்று சொல்லலாம். லிஃப்டில் பக்கத்தில் நிற்பவளின் புடவையைச் சிரித்த முகத்தோடு கிழி கிழியென்று கிழிக்கலாம். யாருக்கும் புரியாது. இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அனுபவிக்கிற சௌகரியம்தான் இது. கிரிஜா கொஞ்சம் தாராளமாகவே அனுபவித்தாள்.

மகள் அக்ஷதா பத்தாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்லும் பெண். யாரையாவது திட்டவோ கேலி செய்யவோ வேண்டுமென்றால் மட்டும் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைக்குத் தாய்மொழி போகவில்லை என்று கிரிஜாவுக்கு அதில் பெருமை வேறு.

மேல்மாடியில் இருந்த சுமலதா அக்ஷதாவின் உயிர்த்தோழி, அதே வகுப்பு. அவளும் அம்மா புஷ்பாவும்தான் அந்த வீட்டில். வீட்டை விட்டுப் போன அப்பா திரும்பவே இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் சுமலதா பாடினாள், நடுவில் குரல் பிசிறிவிட்டது. யாரோ அந்த வீடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஆளாளுக்குக் கேலி. உயிர்த்தோழி ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம், வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அக்ஷதா தமிழில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள்.

"இந்தக் குரலைக் கேட்டுத்தான் அவ அப்பன் வீட்டை விட்டே ஓடிட்டான்."

குழுவில் தமிழ் தெரிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. என்னவோ வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள். சுமலதாவும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாள். பிறகு வகுப்பில் ஒருத்தி அந்த வாய்ஸ் நோட்டை மொழிபெயர்க்கும் ஆப் ஒன்றில் கொடுத்தாள். வந்த இங்கிலீஷை அப்படியே கீழே ஒட்டினாள். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சுமலதா பள்ளிக்கு வரவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்ஷதா சோற்றைத் தொடாமல் அழுதாள். என்னவென்று கிரிஜா துருவித் துருவிக் கேட்டபோது போனைக் கையில் கொடுத்தாள்.

கிரிஜா அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டாள். அவளுக்குச் சுரீர் என்றது. அது அவளே சொன்ன வாக்கியம். அபார்ட்மெண்ட் விநாயகர் பந்தலில் சுமலதா பாடிய அன்று, வீட்டுக்கு வந்து தோசை வார்த்துக்கொண்டே சொன்னது. கணவர் கிருஷ்ணகுமார் புரையேறச் சிரித்தார். மகளும் கூடச் சிரித்தாள். சொல் மட்டுமல்ல, அந்த இழுப்பும் நக்கலும்கூடக் கிரிஜாவுடையதுதான்.

"நான் மேல போய் சாரி சொல்றேன்" என்று தெலுங்கில் சொன்னாள் அக்ஷதா.

"சாரி சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு இதை நீ எங்க கேட்டேன்னு கேப்பாங்க. ஆப்பு தப்பா சொல்லிடுச்சுன்னு சொல்லு. அவங்களுக்குத் தமிழ் என்ன தெரியும்?"

"நக்கோ அம்மா, வேணாம். பொய் அது."

"ஹவ், ஆமா, பொய்தான். உனக்கு உன் ஃப்ரெண்டு வேணுமா, வேணாமா?"

அக்ஷதா முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மாவோடு மாடியேறினாள். வேண்டும். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கதவைத் திறந்த புஷ்பாவின் கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே சோபாவில் சுமலதா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரிஜா தெலுங்கில் ஆரம்பித்தாள். அந்த ஆப்புக்குத் தமிழ் வராது, தலைகீழாகச் சொல்லிவிட்டது என்றாள். என் பெண் சொன்னது, இந்தக் குரலைக் கேட்டால் அப்பா வீட்டுக்கே ஓடி வந்துவிடுவார் என்றுதான். கிரிஜா அந்தப் பொய்யை யோசித்து வைத்துக்கொண்டு வரவில்லை. வாயைத் திறந்ததும் அழகாக வந்து விழுந்தது.

"நிஜமாவா ஆன்ட்டி?" என்று சுமலதா எழுந்தாள்.

அக்ஷதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்ஷதா மரம் மாதிரி நின்றாள். புஷ்பா கிரிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நினைச்சுட்டேன் அக்கா, மன்னிச்சிடுங்க" என்று தெலுங்கில் சொன்னாள். கிரிஜா பெரிய மனதோடு மன்னித்தாள். படியிறங்கும்போது, சாமர்த்தியமாக முடித்தோம் என்று அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

சுமலதா பள்ளிக்குப் போனாள். ஆப் சொன்னது தப்பு, என் தோழி அப்படிச் சொல்லவில்லை என்று குழுவில் தானே எழுதினாள். அதற்கும் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அக்ஷதா மேலே போய்விட்டு உடனே திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தப் பாட்டு வீடியோவை அவ அப்பாக்கு அனுப்பியிருக்கா."

கிரிஜா அடுப்பை அணைத்தாள்.

"அவர் நம்பரை அழிக்காம வெச்சிருந்தாளாம். இத்தனை நாள் ஒண்ணும் அனுப்பினதில்லை. பாட்டைக் கேட்டா ஓடி வந்துடுவார்னு நீ சொன்னியே, அதான் அனுப்பினாளாம். நீல டிக் வந்திருக்கு. பதில் வரலை."

"வேலையா இருப்பார்" என்றாள் கிரிஜா. தன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது.

"குரல் பிசிறின வீடியோன்னுதான் பிடிக்கலையாம் அவருக்கு. நல்லாப் பாடி வேற அனுப்பப் போறாளாம். என்னை வீடியோ எடுக்க வரச் சொல்றா."

மேல்வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ஓர் இடத்தில் பிசிறியது, நின்றது. கிரிஜா தலையை நிமிர்த்தவில்லை. உண்மையைச் சொன்னால், குரலைக் கேட்டு ஓடிப்போனான் என்று சொன்னவள் இவள் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் பாடி அனுப்பிக்கொண்டே இருப்பாள். கிரிஜாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவகிட்ட நிஜத்தை யாரு சொல்றது? நீயா, நானா?" என்றாள் அக்ஷதா. இந்த முறை தமிழில்தான் கேட்டாள்.

கிரிஜா கரண்டியைக் கழுவப் போட்டாள். அக்ஷதா தன் போனை எடுத்துக்கொண்டு மேலே போனாள். சுமலதா பல்லவியை முதலிலிருந்து எடுத்தாள்.