மூன்று வருஷத்துக்கு ஒத்திவைத்தான்

பொறாமை என்று சொன்னால் சோபிகா ஒப்புக்கொள்ள மாட்டாள். எரிச்சல் என்பாள், நியாயமான எரிச்சல் என்றும் சேர்த்துக்கொள்வாள். ஆனால் பக்கத்து அறையில் இசக்கியம்மாளும் பேராசிரியை ராக்ன்ஹில்டும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டால் அவள் கையிலிருக்கும் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போகும். அதற்கு ஊரில் வேறு பெயர் கிடையாது.

சோபிகா ஒஸ்லோவில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணம். வயது முப்பத்திரண்டு, பல்கலைக்கழகத்தின் பிளிண்டேர்ன் வளாகத்தில் வரலாற்று ஆய்வாளர். ஆறு வருடமாக அவளுக்குச் சோறும் தூக்கமும் செங்கடலின் அரேபியக் கரைதான். அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லாத ஒரு சின்னக் குடா. பெயர் கோர் அம்ரா. ஆயிரத்து எண்ணூற்று எழுபது வாக்கில் மார்செய் நகரத்துக் கும்பினி ஒன்று அதை அந்தக் கரையின் ஷேக்கிடமிருந்து தான் வாங்கிவிட்டதாகச் சொன்னது. வாங்கியது எங்கள் கும்பினி என்றால் குடா எங்கள் தேசத்துடையது என்றான் பிரெஞ்சுக்காரன். துருக்கியன் அது என் சுல்தானுடைய மண் என்று குதித்தான். பிரிட்டிஷ்காரனுக்கு அந்த மண்ணே வேண்டாம், ஆனால் பிரெஞ்சுக்காரனுக்குக் கிடைத்துவிடக் கூடாது. எதிர்க்கரையில் கப்பலை நிறுத்திவைத்து, வைக்கல் பட்டடை நாய் மாதிரி இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் எழுதிக் குவித்த கடிதங்களால் அந்தக் குடாவையே நிரப்பியிருக்கலாம்.

அந்தக் குவியலுக்குள் யாரும் எதிர்பாராத ஒரு கட்டு கிடைத்தது. கும்பினியில் கணக்கப்பிள்ளையாக இருந்த காரைக்கால் சவரிமுத்து தன் மைத்துனனுக்குத் தமிழில் எழுதிய அறுபத்துமூன்று கடிதங்கள். ஒஸ்லோவில் அவற்றை வாசிக்கக்கூடிய வரலாற்றுக்காரி சோபிகா ஒருத்திதான். முதல் நாற்பதையும் அவளே மொழிபெயர்த்தாள். ராக்ன்ஹில்ட் அவளை விருந்தினர்களிடம் “எங்கள் தமிழ்” என்று அறிமுகம் செய்வாள். சோபிகா தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளே மேளம் அடிக்கும்.

பிறகு இசக்கி வந்தாள்.

திருநெல்வேலிப் பக்கம், சென்னையில் படிப்பு, இரண்டு வருட ஒப்பந்தம். வந்த முதல் நாளே, “நீங்க பேசுறது ரொம்ப ஸ்வீட்டா இருக்கு, பாட்டு மாதிரி” என்றாள். சோபிகாவுக்கு அது பாராட்டாகப் படவில்லை. “நாங்கள் கதைக்கிறதுதான் தமிழ். நீங்கள் கதைக்கிறதிலை பாதி இங்கிலிஷ்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இசக்கியும் சிரித்தாள். சிரிப்பு இரண்டும் ஒன்றல்ல.

மீதி இருபத்துமூன்று கடிதங்கள் இசக்கிக்குப் போயின. அதுகூடப் போகட்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு ராக்ன்ஹில்ட் தன் ரொட்டியை மூடி வைத்துவிட்டு இசக்கியின் புளிச்சோற்றில் கரண்டியைப் போடுவதைத்தான் தாங்க முடியவில்லை. ஆறு வருடம் அதே மேசையில் பழுப்புப் பாற்கட்டி வைத்த ரொட்டியைத் தின்று இந்த நாட்டுக்காரியாகவே இருந்து காட்டியவள் சோபிகா. அவளுடைய ரொட்டியை யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த நிலையில் துறையில் ஒரு நிரந்தர வேலை வந்தது. ஒன்றே ஒன்று. இருவரும் விண்ணப்பித்தார்கள், இருவரையும் ஒரே வியாழக்கிழமைக்கு நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு ராக்ன்ஹில்ட் இசக்கியின் புதிய அத்தியாயத்தைக் கொண்டுவந்து சோபிகாவின் மேசையில் வைத்தாள். “தமிழைச் சரிபார்த்துத் தருவாயா? உன்னை விட்டால் யார்?”

அத்தியாயம் ஒரே ஒரு கடிதத்தின் மேல் நின்றது. சவரிமுத்து எழுதியிருந்தார்: ‘இன்றைய தினம் ஷேக்கு கையெழுத்துப் போட்டான். மூன்று வருஷத்துக்கு ஒத்திவைத்தான். துரைக்கு வாயெல்லாம் பல்.’

இசக்கி இதற்குச் சொன்ன பொருள், ஷேக்கு குடாவை விற்கவில்லை, அடைமானம் போல மூன்று வருடத்துக்குக் கொடுத்தான் என்பது. அப்படியென்றால் பிரெஞ்சுக்காரன் வாங்கவே இல்லை. மூன்று பேரரசும் அரை நூற்றாண்டு அடித்துக்கொண்டது விற்காத மண்ணுக்கு.

சோபிகா இரண்டு முறை வாசித்தாள். உடம்பு முழுக்க இனித்தது. ஒத்திவைப்பு என்றால் தள்ளிப்போடுவது! பாராளுமன்றம் ஒத்திவைப்பு, வழக்கு ஒத்திவைப்பு என்று செய்தியில் எத்தனை தரம் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நாலு கேடயம் வாங்கியவள். ஷேக்கு விற்பனையை மூன்று வருடம் தள்ளிப்போட்டான், அவ்வளவுதான். இது தெரியாமல் ஒருத்தி அத்தியாயமே எழுதியிருக்கிறாள்.

மூன்றாவது வசனம் மட்டும் கொஞ்சம் இடித்தது. காரியம் தள்ளிப்போனால் கும்பினித் துரைக்கு வாயெல்லாம் பல் ஏன்? சோபிகா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ‘துரை பல்லைக் கடித்தார்’ என்று மொழிபெயர்த்து எழுதினாள். எழுதியதும் எல்லாம் பொருந்திவிட்டது.

இசக்கியின் அறை ஆறடி தூரத்தில் இருந்தது. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இசக்கிக்குத் தெரியாத நோர்வேஜிய மொழியில் ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதினாள். ‘அடிப்படைச் சொல்லிலேயே பெரும் பிழை. அத்தியாயம் நிற்காது.’ ராக்ன்ஹில்ட் குறிப்பை வாசித்து முகம் வாடிப்போனாள். அத்தியாயம் அலுமாரிக்குள் போனது. அன்றைக்குச் சோபிகா குறொன்லாண்டுக் கடைத்தெருவில் இறங்கி ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்படி ஒரு ருசியான மாம்பழத்தை அவள் அந்த வருடம் தின்னவில்லை.

நேர்முகத்துக்கு முந்திய சனிக்கிழமை அம்மா மங்களேஸ்வரிக்குக் குளிர்கோட்டு வாங்க ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனார்கள். கோட்டு அமையவில்லை. கோப்பி குடிக்க உட்கார்ந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து மாமா அழைத்தார். அம்மா கடை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுத் தொலைபேசியை மேசையில் போட்டாள்.

“என்னம்மா, என்ன நடந்தது?”

“என்ரை அப்பா அந்த வடக்குக் காணியைப் பக்கத்து வளவுக்காரருக்கு அஞ்சு வருசத்துக்கு ஒத்திவைச்சவர். இப்ப அவையின்ரை பெடியன் தங்கடை காணியெண்டு மதில் கட்டுறானாம்!”

“ஒத்திவைச்சவரெண்டா? பிறகு பாப்பம் எண்டு தள்ளிப்போட்டவரோ?”

மங்களேஸ்வரி மகளைப் பார்த்தாள். “உனக்குத்தானே பிள்ளை தமிழுக்குக் கேடயம் தந்தவை? காசை வாங்கிக்கொண்டு, காணியை நீ வைச்சு அனுபவி எண்டு குடுக்கிறதுதான் ஒத்தி. காசைத் திருப்பிக் குடுத்தால் காணி எங்கடை. அது வித்ததில்லை. எப்பிடி அவன்ரை ஆகும்?”

“வித்ததில்லையோ?”

“ஓம், வித்ததில்லை. ஏன், முகம் ஒரு மாதிரிப் போகுது?”

சோபிகா கோப்பியைக் குடித்து முடிக்கவில்லை.

இரண்டு நாள் அவள் பட்ட பாட்டை அவள்தான் அறிவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வேலை அவளுக்குத்தான். ஆனால் இசக்கிக்குத் தெரியுமே. ஒத்தி என்ற சொல்லைச் சரியாகப் படித்தவள் அவள்தானே! அந்த நினைப்பு பாயில் கிடந்த முள் மாதிரி, புரண்டு படுத்த பக்கமெல்லாம் குத்தியது. அதிலும் பெரிய வேதனை, தன் தாய்க்குத் தெரிந்த தமிழ் தனக்குத் தெரியாமல் இவளுக்குத் தெரிந்திருந்ததுதான்.

திங்கட்கிழமை காலை இசக்கியின் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. இசக்கி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கணினித் திரையில் நேர்முகத்துக்கான படங்கள். அதில் ஒன்று சோபிகாவின் நோர்வேஜியக் குறிப்பு. ‘பெரும் பிழை’ என்ற இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் திருநெல்வேலி வீடு ஒன்றின் ஒத்திப் பத்திரம், முத்திரையோடு.

“இது... உங்களுக்கு எப்பிடி?” என்றாள் சோபிகா.

இசக்கி திடுக்கிட்டுத் திரும்பினாள். திரையை மறைக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். “ராக்ன்ஹில்ட் அன்னைக்கே அனுப்பிட்டாங்க. ஃபோன்ல போட்டா மொழிபெயர்த்துக் கொடுக்குமே. நாங்க ஒத்தி வீட்டுலதான் வளந்தோம், சோபிகா. அந்தப் பத்திரம் எங்க அப்பாவுது.”

“மூண்டு கிழமையாத் தெரிஞ்சும் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“வியாழக்கிழமை கமிட்டி முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன்” என்றாள் இசக்கி. மறைக்கவில்லை. “வெளியில இருந்து மூணு பேர் வர்றாங்க. அவங்க முன்னாடி.”

இவள் நல்லவள் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் சோபிகா எரிந்தாள். இவளும் தன்னைப்போலவே கத்தி தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னைவிடத் திறமாகத் தீட்டியிருக்கிறாள். அதிலும் ஒரு பொறாமை வந்தது, பாருங்கள்.

“எனக்கு உண்மையாத் தெரியாது. சனிக்கிழமைதான் அம்மா சொன்னவ. நான் இப்பவே போய் ராக்ன்ஹில்டுக்குச் சொல்லப்போறன்.”

“இப்பவா?” இசக்கியின் முகம் தொங்கிப்போனது. “வேணாம். வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க.”

“ஏன் பொறுக்கவேணும்?”

“ஒத்தி தெரியாம இருந்திருக்கலாம், சரி. வாயெல்லாம் பல்லுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?”

சோபிகா ராக்ன்ஹில்டின் அறையை நோக்கி நடந்தாள். பின்னால் நாற்காலி உருளும் சத்தம், செருப்புச் சத்தம். அந்த நடைக்கூடத்தில் யாரும் ஓடுவதில்லை. இருவரும் ஓடவும் இல்லை. ஆனால் அப்படி ஒரு நடையை அந்தக் கட்டடம் கண்டிருக்காது. தண்ணீர்க் குழாயடியில் இசக்கி முந்தினாள், நகல் எடுக்கும் இயந்திரத்தடியில் சோபிகா தோளைக் கொடுத்து முந்தினாள். கதவுப் பிடியில் முதலில் கை வைத்தது சோபிகா.

மூச்சு வாங்க, நின்றபடியே நோர்வேஜிய மொழியில் சொன்னாள். பிழை தன்னுடையது, இசக்கி எழுதியது சரி, அத்தியாயம் நிற்கும். ராக்ன்ஹில்ட் இடைமறித்து, இசக்கிக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள். சோபிகா திரும்பவும் முதலிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

ராக்ன்ஹில்ட் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். “ஒரு சொல்லில் யாரும் பிழை விடலாம். நேர்முகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தானாக வந்து சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? இதை நான் மறக்க மாட்டேன், சோபிகா.”

சோபிகாவுக்கு வயிறு குளிர்ந்தது. திரும்பி இசக்கியைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இசக்கி நின்றாள். மூன்று வாரம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது கைநழுவிப் போன எரிச்சல் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கண்ணாடியில் அந்த முகத்தைச் சோபிகா இரண்டு வருடமாகப் பார்த்து வந்திருக்கிறாள். இசக்கி சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் வாயெல்லாம் பல் என்ற வசனம் மிச்சமிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். கிடைத்த பெயரோடு தன் அறைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வசனம் இசக்கியின் கையில் இருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. தன்னுடையது எதுவும் இவளிடம் இருக்கக் கூடாது, தன் கள்ளம்கூட.

“இன்னொன்று இருக்கிறது” என்றாள். “துரை பல்லைக் கடித்தார் என்று எழுதினேன். அவர் கடிக்கவில்லை. சந்தோஷத்தில் சிரித்தார். அது எழுதும்போதே எனக்குத் தெரியும்.”

ராக்ன்ஹில்ட் பிடித்திருந்த கையை விட்டாள். மேசைக்குப் போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, குறிப்பைத் தேடி எடுத்து, முதல் வரியிலிருந்து வாசித்தாள். ஒன்றரைப் பக்கம் வாசிக்க இவ்வளவு நேரம் எடுக்குமா என்றிருந்தது. வாசித்து முடித்துவிட்டு இசக்கியைத்தான் பார்த்தாள்.

“சோபிகா செய்த முதல் நாற்பது கடிதங்களையும் நீ ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.”

இசக்கி சரி என்றாள்.

“கோப்புகளை இன்றைக்கே அனுப்பிவிடு, சோபிகா” என்றாள் ராக்ன்ஹில்ட்.