பாலம் கட்டியவருக்கு முன்னால் யார்?

1

இந்தக் கதையை எழுதும் உத்தேசம் காலையில் எனக்கு இல்லை. முன்னறையில் என் மகளும் ஓர் இளைஞரும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்கு வந்தேன், மேசை முன் உட்கார்ந்தேன், பேனாவைத் திறந்தேன். என் கையில் பேனா இருந்தால் இந்த வீட்டில் யாரும் கூப்பிடமாட்டார்கள். கதை பிறந்த விதம் இவ்வளவுதான். இதைவிட உயர்ந்த காரணம் இருப்பதாகச் சொல்லும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை.

நான் நில அளவைத் துறையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லைக்கல்லை ஓரிடத்தில் நட்டால் நட்டதுதான். என் வாயிலிருந்து வரும் சொல்லும் அப்படியே. வாசகர் இதை இப்போதே மனத்தில் வாங்கிக்கொண்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்காது.

முதல் வாக்கியம்:

பாலம் கட்டியவரின் மகனின் மகனின் மகனான நான்,

[இந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. போன வாரம் இது ஒரு கணினியையே முடக்கிப்போட்டது. அந்த விவகாரம் மூன்றாம் பகுதியில்.]

பாலம் கட்டியவர் என் கொள்ளுத்தாத்தா. ஊர் எல்லையில் ஆற்றின் மேல் அவருடைய பாலம் இன்றும் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் யார் எதைப் பேசத் தொடங்கினாலும் அவரிடமிருந்துதான் தொடங்குவோம். என் மனைவி மட்டும் விதிவிலக்கு. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றால் அவள் மோட்டாரிலிருந்தே பேச்சைத் தொடங்கிவிடுவாள்.

2

இப்போது அந்த இளைஞர். "ஒல்லியான, உயரமான, திமிர் பிடித்த" என்று எழுதினேன். கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட்டேன். அவருக்குத் திமிர் இல்லை. எனக்கிருக்கும் பெரிய இடைஞ்சலே அதுதான். கொஞ்சம் திமிர் இருந்திருந்தால் இந்தக் கதை ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும். அவரோ செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வருகிறார். டீ குடித்த கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார். என் மனைவி எதிர்ப்பக்கம் சாய்ந்தது அந்தக் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்ட நிமிஷத்தில்தான்.

அவரும் என் மகளும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள். வாரிசு மனுக்களில் வரும் வாக்கியங்களைப் படித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கணினி சொல்ல வேண்டும். அதற்கான இலக்கணத்தை எழுதுவது இவர்கள் வேலை. ஒரே வேலைக்கு இருவரும் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

மகளுடையது தர்க்க வழி. தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் போதும். கணினி ஒவ்வொரு பாதையாகப் போய்ப் பார்க்கும். முட்டிக்கொண்டால் கடைசியாகப் பிரிந்த இடத்துக்குத் திரும்பி வந்து வேறு பாதையில் போகும். அவருடைய வழியில் ஒவ்வொரு சொல்லும் ஒரு சின்ன இயந்திரம். 'மகன்' என்ற சொல்லிடம் ஓர் ஆளைக் கொடுத்தால் அந்த ஆளுடைய மகனைத் திருப்பிக் கொடுக்கும். அதைச் சார்பு என்கிறார்கள்.

(அதனால் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சார்புக்காரர். அவருக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தேன். என் மனைவி எப்போதோ சொல்லிவிட்டாளாம்.)

அவர் வழியில் ஒன்றுக்கு ஒரு மதிப்பை வைத்துவிட்டால் பிறகு அது மாறவே மாறாது. இதைக் கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. திரும்பி வருவதை ஒரு திறமையாகச் சொல்லும் மகளின் வழி பிடிக்கவில்லை. ஆக, தொழிலில் நான் சார்புக்காரரின் கட்சி. ஆளைத்தான் வேண்டாம் என்றேன்.

போன மாதம் அவர் தனியாக வந்து பெண் கேட்டார். வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். அவர் ஒரு விடுதியில் வளர்ந்தவர், தாய் தகப்பன் யாரென்று அந்த விடுதிக்கும் தெரியாது. மறைக்காமல் சொன்னார்.

"பெரியவங்கன்னு யாரும் இல்ல சார். நான்தான் வந்திருக்கேன்."

முன்னால் யார் என்று தெரியாத வீட்டில், அதாவது வீடே இல்லாத இடத்தில், பெண் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்றேன். கல்யாணப் பத்திரிகை என் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் பக்கம் பெயர்களை நெருக்கி அடிக்க வேண்டியிருக்கும். அவர் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். என் பங்காளிகள் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

மகள் அழவில்லை. நான் சரி என்று சொல்லும்வரை தான் எங்கும் போகப்போவதில்லை என்றாள். வேறு மாப்பிள்ளை யாரையும் கூட்டி வரவும் வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொள்கிறாள். 'சாப்பிட வர்றீங்களாப்பா', 'ஃபேனைக் குறைக்கட்டுமாப்பா', அவ்வளவுதான் பேச்சு. மரியாதையால் ஓர் ஆளை இவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியும் என்பதை அவள் வேறெங்கும் போய்க் கற்றிருக்க முடியாது.

3

போன வாரம் அவளுக்கு ஒரு கடினமான வாக்கியம் தேவைப்பட்டது. நான் குடும்ப வரலாறு எழுதத் தொடங்கியிருந்த சமயம். என் முதல் வாக்கியத்தைக் கொடுத்தேன். பெருமையாகவே கொடுத்தேன். அவள் தட்டச்சு செய்து கணினியை ஓடவிட்டாள்.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளிருந்த விசிறி இரைந்தது. யார் இந்நேரத்தில் மாவு அரைக்கிறார்கள் என்று என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு என்பதால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளா என்றுகூட நான் கேட்கவில்லை.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் தருகிறேன். அவள் எழுதிய விதி இது: ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் அவருக்கு முன்னால் இருக்கும் ஆளைக் கண்டுபிடி. கணினி சொன்னபடி கேட்கும். முன்னால் இருப்பவரும் ஓர் ஆள்தானே, ஆகவே அவருக்கு முன்னால் இருப்பவரைத் தேடியது. பிறகு அவருக்கும் முன்னால். இப்படியே முன்னால் முன்னால் என்று போய்க்கொண்டிருந்ததில் என் வாக்கியத்தின் முதல் சொல்லைக்கூட அது படிக்கவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் பிழையாம் இது. புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே என் மகள்தான்.

"வேற வீட்டுப் பொண்ணா இருந்தா எனக்கு இந்தத் தப்பு வந்திருக்காதுப்பா."

நான் விடவில்லை. சார்புக்காரரின் வழியில் போட்டுப் பார் என்றேன். (அவருக்குச் சாதகமாக நான் பேசிய முதல் சந்தர்ப்பம். மகள் அதைக் கவனித்தாள். கவனிக்காததுபோல் இருந்தாள்.) அவருக்கே போன் போட்டு என் பக்கம் நீட்டினாள். அவர் நிதானமாக, கொஞ்சம் பயந்துகொண்டே பேசினார்.

"மகனின் மகனின் மகன்னு எத்தனை வேணும்னாலும் கோத்துக்கலாம் சார். ஆனா ஆரம்பத்துல யாராவது ஒரு ஆளைக் குடுத்தாகணும். இல்லன்னா அது சும்மா காத்துக்கிட்டே இருக்கும்."

4

ஆக, இரண்டு வழியும் ஒரே வாசலில் வந்து நின்றன. முன்னால் யாரும் தேவைப்படாத ஓர் ஆள் வேண்டும். மகள் விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு, பாலம் கட்டியவருக்கு முன்னால் யார் என்று கேட்டாள்.

பாலம் கட்ட வந்தவர் என்றேன். எங்கிருந்து என்றாள். மேற்கிலிருந்து என்று சொல்வார்கள் என்றேன். யாருடைய மகன் என்றாள். புதர் மண்டிய காட்டில், காணாமல்போன எல்லைக்கற்களைத் தோண்டி எடுத்தவன் நான். அன்று தோண்டத் தோண்ட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. என் அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அவரும் தனியா வந்துதான் பொண்ணு கேட்டிருப்பாரு போல."

மகள் விசைகளைத் தட்டினாள். 'பாலம் கட்டியவர் ஓர் ஆள். முன்னால் யாரும் தேவையில்லை' என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்தாள். முதலில் அப்படி ஓர் ஆளைப் பிடி, மற்றவர்களைப் பிறகு கோத்துக்கொள் என்று விதியையும் மாற்றி எழுதினாள். கணினி கண் இமைப்பதற்குள் முழு வாக்கியத்தையும் படித்துவிட்டு, நான் அவருடைய கொள்ளுப்பேரன் என்று அறிவித்தது. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கப்பா. அவரை அப்படியே ஏத்துக்கிட்டாத்தான் நீங்களே வர்றீங்க."

மின்சாரம் வீணாகிறது, அணைத்துவிடு என்றேன்.

5

முடிவுகளுக்கு வருவோம். கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: நான் முன்னறைக்குப் போய், கண் கலங்கி, அவரைக் கட்டித் தழுவுகிறேன். இது என் முதுகெலும்பின் அமைப்புக்கு ஒத்துவராது. நீக்கிவிட்டேன்.

இரண்டு: அவர் பெரிய குடும்பத்தில் பிறந்தவர் என்று தெரியவருகிறது. ஆசிரியனுக்கு இது ஒரு வரி வேலை. "அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவர்" என்பதுவரை எழுதினேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மனைவி, கார் எதற்கு, அந்தத் தம்பி பஸ்ஸில்தானே வந்தது என்றாள். நிறுத்திவிட்டேன்.

மூன்று: நான் போய் மறுபடியும் முடியாது என்கிறேன். என் சொல்லுக்கும் குடும்பத்துக்கும் பொருத்தமான முடிவு. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் வந்தது. அதில் என் மகள் தினமும் காலையில் காப்பி கொண்டுவந்து வைக்கிறாள், 'சர்க்கரை போதுமாப்பா' என்று கேட்கிறாள், போகிறாள். அடுத்த நாளும் அப்படியே. எனக்கு வயதாகிறது. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எழுத்தில் ஒரு குறையும் இல்லை.

[அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

6

அளவையில் ஒரு நடைமுறை உண்டு. சுற்றி அளந்து தொடங்கிய இடத்துக்கு வரும்போது கணக்குக் கூடவில்லை என்றால், பிழை விழுந்த இடம்வரை திரும்பிப் போய் மறுபடி அளக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை.

(இதை இங்கே ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கதைக்குத் தேவையில்லாத பத்தி என்று தோன்றினால் வாசகர் தாண்டிப் போகலாம்.)

மகள் இப்போது அறை வாசலில் வந்து நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பா, அவர் கிளம்பணும். சரியோ முடியாதோ, நீங்களே வந்து சொல்லிடுங்க. கதையா எழுதிக் குடுக்காதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குரலில் மரியாதை கொஞ்சம் குறைவாக இருந்தது. எனக்கு அது இதமாக இருந்தது.

ஆகவே வாசகரே, தாள் இங்கேயே இருக்கும், நான் வெளியே போகிறேன். அங்கே நான் சொல்லப்போவது இதில் எழுதப்படாது. ஆட்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டு விதிகளும் தெரியும். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், உங்களுக்கே பதில் கிடைக்கும்.

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்: எழுந்ததும் தேய்த்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முன்பு போட்டிருந்ததில் மை பட்டிருந்தது, வேறு காரணம் இல்லை. இதை வைத்து நீங்கள் எதையும் ஊகிக்க வேண்டாம். என் மனைவி பார்த்துவிட்டு உடனே பாயசத்துக்கு அடுப்பில் பாலை ஏற்றிவிட்டாள். அவள் எப்போதுமே அவசரக்காரி.