மெல்லக் கற்பிப்போர்

பாடம் மண்டையில் ஏறத் தாமதமாகும் பிள்ளைகளை அலுவலக பாஷையில் ‘மெல்லக் கற்போர்’ என்பார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு மாணவ வழிகாட்டியை நியமிக்கச் சொல்லித்தான் அந்தச் சுற்றறிக்கை வந்திருக்க வேண்டும். தட்டச்சு செய்தவரின் விரல் இரண்டெழுத்து கூடுதலாக ஓடிவிட்டது. ‘மெல்லக் கற்பிப்போர்’ என்று அச்சாகி, முத்திரையோடு நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

தலைமையாசிரியை கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார். “இதுல ஏதோ எழுத்துப்பிழை இருக்கிற மாதிரி தெரியுதுங்க.”

“கையெழுத்து விழுந்தப்புறம் ஏதுங்க மேடம் பிழை? குறைஞ்சது ஒரு பேராவது அனுப்புங்க” என்றது மறுமுனை.

ஆசிரியர் கூட்டம் கூடியது. அன்று லீவில் இருந்தவர் கணக்கு ஆசிரியர் ஒருவர்தான். ஆகவே பட்டியல் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் வந்தவரின் கையில் படிவத்தைக் கொடுத்தார்கள். ‘ஆசிரியரின் குறையை நன்கு அறிந்த மாணவர்’ வழிகாட்டியாக இருப்பார். பருவ முடிவில் அவர் ‘தேறினார்’ அல்லது ‘தேறவில்லை’ என்று குறிப்பார். தேறாவிட்டால், வழிகாட்டியின் பரிந்துரைப்படி நடவடிக்கை. நடவடிக்கை என்றால் புத்தகக் கிடங்கு என்பது ஊரறிந்த விஷயம். அங்கே போனவர் மூட்டை எண்ணலாம், சாக்பீஸைத் தொட முடியாது. இருபத்திரண்டு வருடம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் அவர். அந்த வகுப்பில்லாமல் காலையில் எதற்காக முகம் கழுவுவது என்றே அவருக்குத் தெரியாது.

வழிகாட்டியாக வந்தவள் கடைசி பெஞ்சுப் பெண். அவருடைய வகுப்பில் தான் விட்ட கொட்டாவிகளால் ‘கொட்டாவி’ என்றே பெயர் வாங்கியவள். நோட்டும் கையுமாக ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

“உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார்.

“நீங்க போர்டுக்குத்தான் பாடம் நடத்துறீங்க. அதுக்கு இந்நேரம் எல்லாம் புரிஞ்சிருக்கும். எங்களுக்கு உங்க முதுகுதான் தெரியுது.”

“எழுதும்போது எப்படிம்மா உங்களைப் பார்க்கிறது?”

“அது உங்க வீட்டுப்பாடம். அடுத்தது, மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் ப்ளஸ் வருது?”

“அது விதிம்மா.”

“யாரு விதி சார்? எங்க விதியா?”

அன்று மாலை அவர் இதை வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னபோது, “இது தெரியாமலா இருபத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்துனீங்க?” என்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா, சிரிப்பா என்று அவர் விசாரிக்கவில்லை.

பருவத்தின் கடைசி நாள் வரை அந்த ‘ஏன்’ அவரை அரித்தது. அன்று காலை திடீரென்று பிள்ளைகளை வராந்தாவுக்குக் கிளப்பினார். “அலுவலக அறைப் பக்கம் ப்ளஸ். அதுக்கு முதுகைக் காட்டி நின்னா ஒரு மைனஸ். அப்படியே பின்பக்கமா நடந்தா இன்னொரு மைனஸ். நடங்க, எங்க போய்ச் சேர்றீங்கன்னு பார்க்கலாம்!”

நாற்பது முதுகுகள் அலுவலக அறையை நோக்கிப் பின்னோக்கி நகர்ந்தன. வெளியே வந்த தலைமையாசிரியை மிரண்டு, என்ன ஏது என்று கேளாமல், தானும் திரும்பி நின்று கொண்டார். அந்த நேரம் பார்த்து, படிவம் வாங்க வந்த அதிகாரி உள்ளே நுழைந்தார்.

“என்னங்க நடக்குது இங்க?”

“கணக்கு நடக்குதுங்க” என்றார் ஆசிரியர், மூச்சு வாங்கியபடி.

“அட, ப்ளஸ்ஸுக்கே வந்துட்டோம்!” என்று கத்தினாள் கொட்டாவி.

அதிகாரி அவளிடம் படிவத்தை நீட்டினார். “பாப்பா, ‘தேறினார்’ல ஒரு டிக் போடு. நான் பஸ்ஸைப் பிடிக்கணும்.”

அவள் யோசித்தாள். “மைனஸ் முடிஞ்சுது. பின்னம் பாக்கி இருக்குங்க. வகுக்கும்போது எதுக்குத் தலைகீழாக் கவுக்கணும்னு சாருக்கே தெரியலை.”

‘தேறவில்லை’யில் டிக் விழுந்தது. கணக்கு ஆசிரியரின் மூக்கில் கிடங்கின் பூஞ்சை வாடை ஏறியது.

அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு, பரிந்துரைக் கட்டத்தில் அழுத்தி எழுதினாள்: ‘தேறாததால் சார் அடுத்த வருடமும் ஏழாம் வகுப்பிலேயே இருக்க வேண்டும்.’

அதிகாரி இரண்டு தடவை படித்தார். சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். “ஃபெயிலானவங்களை அதே வகுப்புல நிறுத்துறது வழக்கம்தானே” என்று தனக்குத்தானே முனகி, கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆசிரியர் அவளருகே வந்தார். “நீ எட்டாவதுக்குப் போயிடுவியேம்மா?”

“பின்னே? நீங்க ஃபெயிலானதுக்கு நானும் நிக்கணுமா சார்?”

“அதுவும் சரிதான்” என்றவர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். “மேடம், பழைய அட்டைப்பெட்டி ஏதாவது இருக்குமா? அரையில எத்தனை கால் இருக்குன்னு வெட்டிப் பார்க்கணும்.”