இரண்டு கிளாக்கஸ்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ருக்மிணி மூன்று முறை கராஜுக்குப் போய், எதை எடுக்க வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் கணவர் சந்தானத்தின் வருஷத் திதி. பக்கத்து ஊரான எடிசனிலிருந்து சாஸ்திரிகள் எட்டு மணிக்கு வருவார். பிள்ளை க்ரிஷ் அப்பா பெயரையும், தாத்தா பெயரையும், கொள்ளுத்தாத்தா பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். எந்தத் தாத்தா என்பதில்தான் அவளுக்கு ஒரு வருஷமாகத் தூக்கமில்லை.

சந்தானத்தைப் பெற்றவர் வெங்கடாசலம். பெயர் வைக்கிற பதினோராம் நாளன்றே, அம்மாவின் அக்காவான, குழந்தையில்லாத பெரியம்மா மடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். வளர்த்தவர் பெரியப்பா விஸ்வநாதன். இருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே இனிஷியல். பாஸ்போர்ட் எடுக்கும்போது 'வி'யை விரிக்கச் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழில் இருந்தபடி அது வெங்கடாசலம் என்று விரிந்தது. வெஸ்ட் வின்ட்சரில் இந்த வீட்டுத் தபால் பெட்டி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் சந்தானம் போனபோது ஹூஸ்டனிலிருந்து வந்த அவர் தம்பி ராமசுப்ரமணியன்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். சாஸ்திரிகள் கேட்டதும் சட்டென்று வெங்கடாசலம் என்று சொன்னவரும் அவரே. ருக்மிணிக்கு அப்போது வாய் திறக்கத் தெம்பில்லை. மாதாமாதம் க்ரிஷ் அதே பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கோ, முன்பின் தெரியாத வீட்டு வாசலில் சந்தானத்தை நிறுத்திவிட்டு வந்ததுபோல் இருந்தது.

நேற்று மறுபடியும் வந்திறங்கிய ராமசுப்ரமணியனிடம் மெதுவாகப் பேச்செடுத்தாள். அவர் கோபப்படவில்லை. ஹோமம் வளர்த்து முறையாகத் தத்துக் கொடுக்கவில்லை, குழந்தையைக் கைமாற்றியதோடு சரி, சாஸ்திரப்படி அது செல்லாது என்றார்.  சந்தானமோ இதைப் பற்றி எதுவும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

அவர் எழுதி வைத்ததெல்லாம் கிரேக்கர்களைப் பற்றித்தான். மன்ஹாட்டனுக்கு ரயிலில் போகவர ஒன்றரை ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் அட்டை அட்டையாக, தமிழில், புராணத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறவர்களுக்கெல்லாம் வம்சாவளி எழுதினார். பெரிய தெய்வங்களைத் தொடமாட்டார். அவாளைப் பாத்துக்க ஆள் இருக்கா, இவாளுக்கு யார் இருக்கா என்பார். ஷூ பெட்டிகளில் பதினான்கு பெட்டி நிறைய.

திதிக்காக ஃபேமிலி ரூமை ஒழித்துக்கொண்டிருந்த க்ரிஷின் கையிலிருந்து அதில் ஒரு பெட்டி நழுவியது. தரையெல்லாம் அட்டைகள். தமிழ் படிக்கத் தெரியாத அவன், மூலையில் சிவப்புப் புள்ளி வைத்த ஒன்றை எடுத்து நீட்டி, "வாட் டஸ் திஸ் ஒன் ஸே, அம்மா?" என்றான்.

அவள் நின்றபடியே படித்தாள். "கிளாக்கஸ். சிசிஃபஸின் மகன். இவன் மகன் பெல்லரோஃபோன். பெல்லரோஃபோனுக்கு உண்மையான தகப்பன் கடல்தெய்வம் பொசைடன் என்று சிலர் சொல்வர். ஆனால் பெல்லரோஃபோனின் பேரனுக்கு கிளாக்கஸ் என்றே பெயர். பொசைடன் பெயரை யாரும் வைக்கவில்லை. வேறு சாட்சி வேண்டாம்."

கடைசி வரியை அவள் இன்னொரு முறை மனசுக்குள் படித்தாள். அட்டையோடு நேரே டைனிங் டேபிளுக்குப் போனாள்.

"உங்க தாத்தா பேர் என்ன?" என்றாள்.

காபி குடித்துக்கொண்டிருந்த ராமசுப்ரமணியன் நிமிர்ந்தார். "ராமசுப்ரமணியன்தான். எனக்கு வச்சிருக்காளே."

"தாத்தா பேரை மூத்த பிள்ளைக்குன்னா வைப்பா. நீங்க ரெண்டாவது."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"விஸ்வநாதப் பெரியப்பாவோட அப்பா பேர் சந்தானம். ஹோமம் இல்லைன்னாலும் பேரை வச்சுட்டாளே. உங்காத்துல எல்லாரும் கூட நின்னுண்டுதானே வச்சா?"

அவர் அட்டையை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். அண்ணாவின் கையெழுத்தைப் பார்த்து ஒரு வருஷமாகிவிட்டது அவருக்கும்.

"குடுத்தப்புறம் எங்கப்பா பெரியப்பா இருந்த தெருப் பக்கமே போகமாட்டார், மன்னி," என்றார் கடைசியில். "மூத்தவன் கையால ஒரு வாய்த் தண்ணிகூட அவருக்குக் கிடைக்கலை. பேரன் வாயிலயாவது அவர் பேர் வரட்டுமேன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணுமில்லை."

ருக்மிணிக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று நின்றுகொண்டே சாஸ்திரிகளுக்கு ஃபோன் பண்ணினாள். கோத்திரமும் மாறுமே, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டார். யோசித்துத்தான் என்றாள். பெயர்களைச் சொல்லச் சொன்னார்.

"சந்தானம், விஸ்வநாதன், சந்தானம்."

"ஒரே பேர் ரெண்டு தரம் வரதேம்மா. சரியாத்தான் சொல்றேளா?"

"சரிதான். ரெண்டு பேர்."

அவள் ஃபோனை வைத்தபோது ராமசுப்ரமணியன் இன்னும் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் மிச்ச அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த க்ரிஷைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, இந்த பொசைடனுக்கு அப்புறம் என்னடா ஆச்சு?"

க்ரிஷ் தோளைக் குலுக்கினான். "நத்திங், சித்தப்பா. ஹீ ஹேட் அதர் கிட்ஸ்."

ராமசுப்ரமணியன் அட்டையை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "ஆமாம்," என்றார். "வேற பிள்ளைகளும் இருந்தாளே."

ருக்மிணி எதையோ எடுக்க மறுபடியும் கராஜுக்குப் போனாள்.