கீழ்த்தளம் இல்லாத வீடு

புருல்கான் முதலில் தன் முழங்காலைத்தான் சந்தேகப்பட்டாள். கோடை தொடங்கியபோது ஒரே எட்டில் ஏறிய வாசலுக்கு இப்போது கையூன்றித் தாவ வேண்டியிருந்தது.

"ஏங்க, எனக்குக் கால் குட்டையாவுதா, இல்ல இந்த வீடு வளருதா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"வயசானா அப்படித்தான்" என்றான் அவளைவிட ஆறு வயது மூத்த ஒரோசாலி. சொன்ன கையோடு ஒரு பலகையை அறைந்து படி வைத்தான். அடுத்த வாரம் அதற்குக் கீழே இன்னொரு படி வேண்டியிருந்தது. அப்போதுதான் அவனும் குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தான்.

வீடு என்றால் ஒரு பழைய இரும்பு வேகன். அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள் உண்டு. சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரோசாலி அதை டிராக்டரில் கட்டி இங்கே இழுத்து வந்திருந்தான். மலையேற வருகிறவர்களுக்கு டீயும் பொரித்த ரொட்டியும் விற்பதாகத் திட்டம். அந்த இடத்துக்கு ஊரில் கருப்புப் பனி என்று பேர். மேலே பாறையும் சரளையும், அடியில் பனியாறு. ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மாவட்ட நில அதிகாரி எசென்குல் விரித்த புது வரைபடத்தில் அது வெறும் கல். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது. வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் பனி, சாம்பலாகத் தெரிந்ததெல்லாம் தரை.

"பனியாத்து மேல கட்டடம் வைக்கக் கூடாதுங்கிறது சட்டம். இது கல்லு. தாராளமா வச்சுக்கங்க அண்ணே" என்றார் எசென்குல். ஒரோசாலியும், ஆமாம், கல்லுதான் என்று ஒத்துக்கொண்டுவிட்டான்.

இடம் கிடைத்த சந்தோஷத்தில் வேகனைச் சுற்றியிருந்த பெரிய கற்களையெல்லாம் உருட்டித் தள்ளி அழகான முற்றம் ஒன்று செய்தான். மெல்லிய சரளை மட்டும் மிஞ்சியது. கரி போட்டு டீத்தண்ணீர் காய்ச்சும் சமோவாரின் சாம்பலைப் புருல்கான் தினமும் அதன்மேல் கொட்டி வந்தாள். முற்றம் நாளுக்கு நாள் கீழே போனது. வேகன் நின்ற இடம் மட்டும் நிழலில் அப்படியே நின்றது. ஆடி மாத வெயிலில் பார்த்தால், ஆளுயரப் பனித்தூண் ஒன்றின் தலையில் வீடு உட்கார்ந்திருந்தது. ஒரோசாலி ஏணி சாத்தினான். டீ குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இந்தச் செய்தி நில அலுவலகம் வரை போய், எசென்குல் வந்து சேர்ந்தார். கூடவே அந்த வரைபடத்தை வரைந்த குல்சைரா என்ற பெண்ணும் நகரத்திலிருந்து வந்திருந்தாள்.

எசென்குல் ஏணியைப் பார்த்தார். "ரெண்டாவது மாடி கட்ட யார்கிட்ட அனுமதி வாங்குனீங்க?"

"ரெண்டாவது மாடியா? இருக்கிறதே ஒண்ணுதானே" என்றான் ஒரோசாலி.

"அப்ப கீழ்த்தளம் கட்டாமலே மேல்தளம் கட்டியிருக்கீங்க. அது இன்னும் பெரிய தப்பு."

"நான் ஒண்ணும் மேல போகல தம்பி. தரைதான் கீழ போச்சு."

"கல்லுத் தரை எப்படிங்க கீழ போவும்?"

குல்சைரா தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரே பூரிப்பு. "உள்ள பனிதான் சார். கல்லு தடிமனா இருந்தா போர்வை மாதிரி பனியக் காக்கும். லேசாத் தூவுனா வெயில வாங்கி உருக்கிடும். இவரு போர்வைய உருவிட்டாரு. மேலருந்து பாத்தப்ப எனக்குக் கல்லு மட்டுந்தான் தெரிஞ்சுது."

"அப்ப இது பனியாறு. வீட்ட இறக்குங்க."

"படத்தத் திருத்த அடுத்த வருசம் ஆவும் சார். அதுவரைக்கும் கணக்குல இது கல்லுதான்."

எசென்குல் பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். பனி என்றால் வீடு இருக்கக் கூடாது. கல் என்றால் வீடு உயர்ந்திருக்கக் கூடாது. இரண்டில் எதை எழுதினாலும் இடம் கொடுத்தவர் அவர்தான்.

மேலே வாசலில் நின்ற புருல்கானுக்கு அவர்மேல் பாவமாகிவிட்டது. "தம்பி, மேல வாங்க. ரொட்டியப் பிய்க்காம எங்க வாசல்லருந்து யாரும் போனதில்ல."

அவர் ஏறினார். குல்சைராவும் ஒரோசாலியும் தூணின் அடியில் பனியின் வயதைப் பற்றி வாதாடிக்கொண்டு நின்றார்கள். எசென்குல் பருமனான மனிதர். தெற்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். வெயில் படுகிற பக்கம் அது. தூண் ஏற்கெனவே அங்கே இளைத்திருந்தது.

முதலில் சர்க்கரைக் கிண்ணம் நகர்ந்தது. அதன் பின்னால் சமோவார்.

"அக்கா, வீடு நவுருதா?"

"கெட்டியாப் புடிச்சுக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, புருல்கான் சமோவாரைப் பின்னுக்கிழுத்து அடுப்போரம் அணைத்துக்கொண்டாள்.

வேகன் தூணிலிருந்து மெல்ல இறங்கியது. சறுக்குக் கட்டைகள் சரிவைப் பிடித்துக்கொண்டன. சரளை மேல் கரகரவென்று வழுக்கி, சரிவின் அடியில் ஓடிய ஓடையை ஒரே தாவில் தாண்டி, அக்கரைப் புல்வெளியில் போய் நிமிர்ந்தே நின்றது. மேய்ந்துகொண்டிருந்த குதிரை ஒன்று மட்டும் தலை தூக்கிப் பார்த்தது.

எசென்குல் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "அக்கா, ஓடைதான் எல்லை. இது பக்கத்து மாவட்டம்."

"அதனால என்ன?"

"இங்க எனக்கு ஒரு அதிகாரமும் கெடையாது" என்றவர், வெகுநாள் கழித்து விடுமுறை கிடைத்தவர்போல் காலை நீட்டி உட்கார்ந்து, ரொட்டியை வெண்ணெயில் தோய்த்தார்.

ஓடைக்கு இந்தப் பக்கம், தூணருகே, ஒரோசாலி ஏணியைப் பிடித்தபடி நின்றான். இடத்தை விட்டு நகர்ந்தால் ஒதுக்கீடு போய்விடும் என்று பயந்து, அன்றே தூணின் அடியில் கூடாரம் அடித்தான். புருல்கான் தினமும் தண்ணீரில் இறங்கிச் சோறு கொண்டுபோனாள். "மனுசா, அங்க ஒரே எட்டுல ஏறலாம். சனங்களும் வாராங்க" என்று கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. தூண் அவன் தோளுயரமாகி, இடுப்புயரமாகி, கடைசியில் ஈரச் சரளையாகிப் போனது. அதற்குப் பிறகுதான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தான். வந்ததும் சூடாக டீ கேட்டான்.

எசென்குல் அலுவலகக் கோப்பில் இப்படி எழுதி விஷயத்தை முடித்துவைத்தார்: "மேல்தளம் உரிமையாளரால் அகற்றப்பட்டது. கீழ்த்தளம் உருகிவிட்டது."