ஆறாவது நடை

தங்கை விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது மதியம் இரண்டு மணி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஏழு மணியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா, மூணு மணி விமானம் இருபது நிமிஷம் லேட்டுன்னு போட்டிருக்கான். கார்ல கிளம்பினா நாலு மணி நேரம் ஆகும். உன் கம்பெனி விமானம், நீயே சொல்லு."

எந்த விமானம் எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள் நான். சென்ற ஆண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பதினைந்து நிமிடத்தைக் கிள்ளி எடுத்தேன். மாலைக்குள் ஐந்து நடை போன விமானம் ஆறு போயிற்று. அலுவலகத்தில் கைதட்டினார்கள். அந்த ஆறாவது நடைக்குத்தான் தங்கை காத்திருந்தாள்.

கைப்பேசியில் பார்த்தேன். காலையில் பனிமூட்டத்தால் அரை மணி நேரம் தாமதம். இடையில் மூச்சு விட நேரமில்லாததால் அது நடைக்கு நடை வளர்ந்திருந்தது. நாலாவதே இன்னும் முடியவில்லை. ஐந்தரைக்கு முன் அவள் கிளம்ப வழியில்லை. அறிவிப்புப் பலகை உண்மையைத் தவணை முறையில்தான் சொல்லும்.

"அங்கயே இரு, வந்துடும்" என்றேன்.

பிறகு கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெரியவரைக் கூப்பிட்டு, உபரி விமானத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அதையும் சும்மா நிக்கக் கூடாதுன்னு ஓட விட்டது நீதானேம்மா?"

அப்போதும் இரண்டே கால்தான். காரில் வரச் சொல்லியிருக்கலாம். கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். முந்தின நாள் அலுவலகக் கூட்டத்தில்தான், தாமதம் கடைசி நடைவரை போகாது என்று அடித்துப் பேசியிருந்தேன். அம்மா சாகிற நாளிலும் என் அட்டவணை சரியாக இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மா இரண்டு முறை கேட்டாள், சின்னவள் வந்துவிட்டாளா என்று. வருகிறாள் என்றேன். ஆறு நாற்பதுக்குப் பிறகு கேட்கவில்லை.

தங்கை ஏழரைக்கு வந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, கிட்டே வந்து அணைத்துக்கொண்டாள்.

"நீ என்னக்கா பண்ணுவே? விமானம் லேட்டானா, நீயா தள்ளிக்கிட்டு வர முடியும்?"

முடியாது என்று அவள் தோளில் தலையாட்டினேன்.