மூணு சுழி

பணிவைப் பற்றிப் பேசிப் பேசியே பேர் வாங்கிய பயிற்சியாளர் அவர். அன்றைக்குக் கூட்டம் தொடங்கும் முன், அரங்கில் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் ஏணியில் நின்றபடியே மேடைப் பேனரைப் படித்தார்: "பனிவே உயர்வு."

"சார், பணிவுக்கு மூணு சுழி வரணும். ரெண்டு சுழி போட்டா பனி. அது என் டிபார்ட்மென்ட்."

பயிற்சியாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இருபது வருஷமா இதே பேனர்தான். ஒருத்தர் வாய் திறந்ததில்ல. நீ ஏசியைப் பாரு!"

கூட்டம் தொடங்கியது. "யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேளுங்க" என்று அவர் உருகி உருகிப் பேசியதில் கைதட்டல் அரங்கை அதிரவைத்தது. மெக்கானிக்கும் ஸ்குரூடிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு தட்டினார்.

பேனரோடு வீட்டுக்குப் போன பயிற்சியாளர், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அகராதியைப் புரட்டினார். பிறகு மார்க்கரை எடுத்து, பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் மூன்றாவது சுழியைப் போட்டார்.

அடுத்த வாரப் பேச்சில் புதிதாக ஒரு கதை சேர்ந்திருந்தது.

"பாவம், ஒரு ஏசி மெக்கானிக். பணிவுக்கு ரெண்டு சுழி போட்டிருந்தார். மனசு நோகாம நான்தான் பக்குவமாத் திருத்தினேன். என்ன சொன்னார் தெரியுமா? 'சார், உங்க பணிவு யாருக்கு வரும்!'"